“வாடகை வீடுதானே” என்னும் வாதம்

சென்னை நகரில் ஜாகை தேடி அலையும் ஒரு குடும்பஸ்தர், தாம் பார்த்துவந்த வீட்டில் காற்றோட்டம் இல்லை, சமையலறையில் பகலிலும் விளக்கெரிய வேண்டியிருக்கிறது, தண்ணீர் விஷயம் தெளிவாகத் தெரியவில்லை என்று தம் உற்றார் ஒருவரிடம் குறைபட்டுக்கொண்டால், அவருக்குக் கிடைக்கும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. “வாடகை வீடுதானே! நம்ம வீடா என்ன? இரண்டு வருஷம் அனுசரித்துக்கொண்டு இருந்துவிட்டு, அப்புறம் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.” இதைச் சொல்பவர்கள் நமக்கு விரோதிகள் அல்லர்; நம்முடைய நன்மையில் மெய்யான அக்கறை உள்ளவர்களே. தரகரும் இதையே சொல்கிறார். வீட்டுக்காரர் வேறு வார்த்தைகளில் இதையே சொல்கிறார். நாளடைவில் குடிவருகிறவரும் தமக்குத் தாமே இதைச் சொல்லிக்கொள்ளப் பழகிவிடுகிறார். அனுபவ முதிர்ச்சியின் தோற்றத்தோடு உலவும் இந்த அபிப்பிராயம் அஸ்திவாரத்திலேயே பிழையானது என்பதும், நகரத்து வாடகை வீடுகள் இன்றுள்ள சீர்கேட்டுக்கு நிலத்தின் விலையும் ஜனநெருக்கமும் எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்த அபிப்பிராயமும் காரணம் என்பதும் என் துணிபு.

வாடகை வீட்டு வாசம் தற்காலிகமானது என்பதுதான் இந்த வாதத்தின் முதல் தூண். இது நம் நகரத்தின் சரித்திரத்துக்கே ஒவ்வாத கூற்று. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள் இருந்த ஸ்டோர் வீடுகளில் பிறந்து, படித்து, உத்தியோகம் பார்த்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, அங்கேயே கண்மூடியவர்கள் எத்தனையோ பேர். மகாகவி பாரதியார் தம் இறுதிக் காலத்தைக் கழித்த திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீடு ஒரு வாடகை வீடுதான். 1961-ஆம் ஆண்டில் இந்திய நகரங்களில் வாழ்ந்த குடும்பங்களில் நூற்றுக்கு 54 வாடகைக் குடித்தனங்களாக இருந்தன. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அது 28-ஆகக் குறைந்தது. இந்தக் கணக்கைக் கண்டவுடன் ஜனங்கள் எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்களாகிச் செழித்துவிட்டார்கள் என்று மகிழ்வோர் உண்டு. நான் அதில் காண்பது வேறு. நகர வாழ்க்கையின் இயல்பான ரூபமாக ஒரு தலைமுறைக்கு முன்பு வரை விளங்கிய வாடகைக் குடித்தனத்தை, கௌரவக் குறைவான ஓர் இடைநிலையாக நாம் எண்ணத் தொடங்கியது மிகச் சமீப காலத்தில்தான் என்பதே அது. தற்காலிகம் என்று எண்ணி வந்தவர்கள் வாஸ்தவத்தில் எவ்வளவு காலம் இருக்கிறார்கள் என்று பார்த்தால், குழந்தை எல்.கே.ஜி.யில் சேர்ந்தபோது வந்த குடும்பம் அது பத்தாம் வகுப்பு எழுதும்போதும் அதே மாடியில் இருப்பதைக் காண்கிறோம். ஒரு பிள்ளையின் பால்யம் முழுவதும் கழிகிற இடத்தைத் தற்காலிகம் என்று அழைப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இரண்டாவது தூண், வாடகை என்பது தண்டச் செலவு என்ற நம்பிக்கை. மாதந்தோறும் கொடுக்கிற பணம் கையைவிட்டுப் போய்விடுகிறது, அதே பணத்தை வங்கிக்குத் தவணையாகக் கட்டினால் வீடு நம்முடையதாகும் என்பது கேட்பதற்கு மறுக்க முடியாத நியாயம்போல ஒலிக்கிறது. ஆனால் இரண்டும் அதே பணமாக இருந்தாலல்லவா அந்த நியாயம் நிற்கும்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. எண்பது லட்ச ரூபாய் விலைபெறும் ஓர் அடுக்ககத்து வீட்டுக்கு மாத வாடகை ஏறக்குறைய 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதையே விலைக்கு வாங்குகிறவர் பதினாறு லட்சத்தைத் தம் சேமிப்பிலிருந்து போட்டு, மீதி அறுபத்துநான்கு லட்சத்தை எட்டரை சதவிகித வட்டிக்கு இருபது வருஷக் கடனாக வாங்கினால், மாதத் தவணை 55,000 ரூபாய்க்குச் சற்று மேலாக வருகிறது. முதல் மாதத்துத் தவணையில் 45,000 ரூபாய்க்கு மேல் வட்டி. அசலில் கழிவது பதினாயிரத்தை ஒட்டிய தொகையே. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், சங்கத்துக்குக் கட்டும் பராமரிப்புத் தொகை, சொத்து வரி ஆகியவற்றை இதில் நான் சேர்க்கவில்லை. வட்டியாகப் போகும் 45,000 ரூபாய் தண்டமாகத் தோன்றாமல், வாடகையாகப் போகும் 20,000 ரூபாய் மட்டும் தண்டமாகத் தோன்றுவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. சொந்த வீடு வாங்குவதை நான் ஆட்சேபிக்கிறேன் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டியதில்லை. கிழவயதில் யாரும் காலிசெய்யச் சொல்ல முடியாத ஒரு கூரை இருப்பது பெரிய நிம்மதி, அதற்கு விலை கொடுக்கலாம். நான் மறுப்பது ஒன்றையே: வாடகைக்குப் பதிலாக நமக்கு எதுவும் கிடைப்பதில்லை என்ற பேச்சை. கூரையும் தண்ணீரும் காற்றும் பள்ளிக்கூடத்தின் சமீபமும் உத்தியோக ஸ்தலத்தின் சமீபமும் கிடைக்கின்றன. கிடைக்கவில்லையென்றால், கிடைக்க வேண்டியவற்றைக் கேட்டு வாங்காமல் பணத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

இங்கேதான் அந்த அபிப்பிராயத்தின் மெய்யான தீங்கு வெளிப்படுகிறது. தண்டச் செலவு என்று மனத்தில் முடிவு செய்துகொண்டவர், அந்தச் செலவுக்கு எதிரே என்ன வருகிறது என்று பரிசோதிப்பதில்லை. உழவுக்கு ஒரு ஜோடி மாடு பிடிக்கச் சந்தைக்குப் போகிற சம்சாரி பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார். வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வாடகையாகக் கொடுக்கப்போகிற நகரவாசியோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் கால் மணி நேரம் வீட்டைச் சுற்றிவந்து, எத்தனை படுக்கையறை, எத்தனை சதுர அடி என்று இரண்டு கேள்வி கேட்டு, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறார். சதுர அடி என்று தரகர் சொல்வதில் பொதுவான நடைபாதையும் மாடிப்படியும் லிப்டு நிற்கும் இடமும் பங்குபிரித்துச் சேர்க்கப்பட்டிருக்கும் என்பதையும், சுவருக்குள் காலால் நடக்கக்கூடிய தரை அதைவிடக் கணிசமாகக் குறைவு என்பதையும் கேட்டறிகிறவர்கள் சிலரே.

மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டைப் பார்ப்பதற்காக நண்பர் ஒருவருடன் நான் போயிருந்தேன். ஐப்பசி மாதம், முன்தினம் நல்ல மழை. முதல் மாடியில் புதிதாக வர்ணம் பூசிய இரண்டு படுக்கையறை வீடு. தரையில் முகம் தெரியும்படியான டைல்ஸ், சமையலறையில் கதவு வைத்த அலமாரிகள், எல்லாம் பார்க்க லட்சணமாக இருந்தன. நண்பர் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். “தண்ணிக்கு நம்ம வீட்டில கஷ்டமே கிடையாது சார். எப்பத் திறந்தாலும் வரும்” என்று வீட்டுக்காரர் குழாயைத் திறந்தும் காட்டினார், வந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கையில் நான் குளியலறைக்குள் சென்று பார்த்தேன். குழாயின் வாயைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் சொட்டி வழிந்த இடத்தில் வெள்ளை டைல்ஸின் மேல் துருப்பிடித்த நிறத்தில் ஒரு கோடு கீழ்வரை இறங்கியிருந்தது. படியிறங்கி வரும்போது கீழ்ப்போர்ஷனின் பின்புறத்தில் மூன்று நீல நிற டிரம்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டபோது, “போர்ல மார்ச் வரைக்கும் வரும் தம்பி. அப்புறம் லாரிதான். வர்ற தண்ணியை வீட்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக்குவோம். குடிக்கிறதுக்குக் கேன் வாங்கிடுங்க” என்று சாவதானமாகச் சொன்னார். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எந்த மாதத்தில் வரும், எங்கிருந்து வரும், வராத மாதங்களில் லாரிக்குப் பணம் யார் கொடுப்பது என்று நாங்கள் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

சென்னையில் ஒரு வீட்டின் தகுதியை நிர்ணயிக்கும் முதல் விஷயம் தண்ணீர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய முற்றிலும் வறண்டுபோன 2019-ஆம் ஆண்டுக் கோடையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து நகரத்துக்கு வார்க்க வேண்டியிருந்தது; ஜூலை மாதத்தில் வந்த முதல் ரயில் ஐம்பது வாகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் சுமந்து வில்லிவாக்கத்தை அடைந்தது. அந்தக் கோடையில் இந்நகரத்தின் குடும்பங்களைப் பிரித்தது செல்வ வித்தியாசம் மட்டும் அன்று. மெட்ரோ வாட்டர் இணைப்பு உள்ள வீடு, ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பிய வீடு, மழைநீரைப் பழுதில்லாமல் தரைக்குள் இறக்கி வந்த வீடு, பெயருக்கு ஒரு குழாயைச் சுவரில் பதித்துவிட்டுப் பின்பு மறந்துபோன வீடு என்ற பிரிவினையும் சேர்ந்தே பிரித்தது. மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களிலும் கட்டாயம் என்று 2003-ஆம் ஆண்டில் அரசு முனைந்து நிறைவேற்றிய ஏற்பாடு இந்நகரத்துக்குக் கிடைத்த பெரும் பாக்கியம். அந்தக் குழி தூர்ந்திருக்கிறதா, உயிரோடிருக்கிறதா என்று வாடகைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறார்கள்?

தண்ணீர் இல்லாமை பாதிக் கதை, மிகுதி மறுபாதி. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்றின் இரு கரையிலும் முடிச்சூர் முதல் கோட்டூர்புரம் வரை தரைத்தளத்து வீடுகள் மூழ்கின. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாட்கணக்கில் தண்ணீருக்குள் இருந்தன. எட்டு ஆண்டு இடைவெளியில் நேர்ந்த இவ்விரண்டையும் இயற்கையின் கோபம் என்று சொல்லிக் கைகழுவிவிட முடியாது. பள்ளிக்கரணை என்பது தென்சென்னையின் வெள்ளம் காலங்காலமாகச் சென்று தங்கும் சதுப்பு நிலம். 2022-ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பாதுகாக்கப்பட வேண்டிய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் விளிம்புகளை நிரப்பி எழுந்த தெருக்களுக்குத் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வருகிறது. இத்தகைய தெரு ஒன்றில் தரைத்தள வீட்டைப் பார்க்கிறவர், எதிர்ச் சுவரிலும் மின்மாற்றியின் பீடத்திலும் மங்கிய சேற்றுக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று கவனிப்பதும், மூலைக்கடைக்காரரிடம் 2015-இல் எவ்வளவு வந்தது, 2023-இல் எவ்வளவு வந்தது என்று விசாரிப்பதும் அத்தியாவசியம். வீட்டுக்குள் சுவருக்கு வர்ணம் பூசிவிடலாம். தெரு முழுவதற்கும் பூசிவிட முடியாது. “வாடகை வீடுதானே” என்று இதை ஒதுக்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வெள்ளம் வந்தால் சுவரும் தரையும் மட்டுமே வீட்டுக்காரருடையவை. நனைந்து பாழாகும் மெத்தையும், பிள்ளையின் சான்றிதழ்களும், தையல் இயந்திரமும், குளிர்ப்பெட்டியும் குடியிருப்பவருடையவை.

தூரத்தைப் பற்றிய தவறான கணக்கும் இதே வேரிலிருந்து முளைத்தது. ஊரப்பாக்கத்தில் ஆறாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று வீடெடுத்து, சோழிங்கநல்லூருக்கு உத்தியோகம் போகிறவர், போக ஒன்றரை மணியும் வர ஒன்றரை மணியும் செலவிட்டால், மாதத்தில் இருபத்துநான்கு வேலை நாட்களுக்கு 72 மணி நேரம் சாலையில் போகிறது. அந்த எழுபத்திரண்டு மணி நேரமும் குழந்தையோடு பேசக்கூடிய நேரம், முதிய தாயாரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லக்கூடிய நேரம், அல்லது நிம்மதியாகத் தூங்கக்கூடிய நேரம். வாடகை ரசீதில் அதற்கு இடமில்லாததால் அதை யாரும் கணக்கில் கொள்வதில்லை. வரவேற்க வேண்டிய வழக்கம் ஒன்றுண்டு: முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு அலுவலகம்வரை போய்ப் பார்ப்பது. பேருந்தோ பறக்கும் ரயிலோ மெட்ரோவோ, எதில் போவதானாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்கிறவர்களைச் சந்தேகப் பிராணிகள் என்று சொல்வது நம்மவர்களின் வழக்கமாக இருக்கிறது. நான் அவர்களை விவேகிகள் என்பேன்.

இனிப் பணத்தையும் பத்திரத்தையும் பற்றியது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னையின் சம்பிரதாயம் என்றும், ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் சொல்கிறார்கள். 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்று விதித்திருந்தது. அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்திலேயே பத்து மாத அட்வான்ஸ் என்ற வழக்கம் வேரூன்றித் தழைத்தது. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டமோ, வேறுவிதமான உடன்படிக்கை இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேற்பட்ட வைப்புத்தொகை கேட்பது முறையன்று என்கிறது. குடியிருந்தவர் காலிசெய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. குடக்கூலி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரரின் பொறுப்பு என்று பொறுப்புகளைப் பங்கிட்டும் காட்டுகிறது. இந்தச் சட்டத்தின் ஜீவன் முழுவதும் “வேறுவிதமாக” என்ற அந்தச் சிறு விலக்கில் ஒடுங்கியிருக்கிறது. அந்த விலக்கு எங்கே நிரப்பப்படுகிறது? தரகர் ஸ்டாம்ப் பேப்பரில் முன்கூட்டியே அச்சடித்துக் கொண்டுவரும் பதினொரு மாத அக்ரிமெண்டில். பத்து மாத அட்வான்ஸ், காலிசெய்யும்போது பெயிண்டிங்குக்காக ஒரு மாத வாடகை பிடித்தம், வருஷந்தோறும் இத்தனை சதவிகித உயர்வு என்று எழுதப்பட்ட அந்தக் காகிதத்தை, “வாடகை வீடுதானே, எல்லா இடத்திலும் இதே கதைதான்” என்று படிக்காமலே கையெழுத்திட்டுத் தருகிறோம். சட்டம் கொடுத்த பாதுகாப்பை நம்முடைய கையெழுத்தாலேயே நாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

அந்தப் பத்து மாத முன்பணத்தின் விலை என்ன என்பதையும் பார்க்கலாம். 20,000 ரூபாய் வாடகைக்கு இரண்டு லட்சம் ரூபாய் வட்டியில்லாமல் ஒருவரிடம் போய்ச் சேருகிறது. வங்கியில் ஆறு சதவிகிதத்துக்குப் போட்டாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரும் தொகை அது. அதாவது, மாதம் இருபதாயிரம் என்று பேசிய வாடகை, நிஜத்தில் இருபத்தோராயிரம். இதற்கு மேல் மின்சாரம். பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போர்ஷனுக்கும் ஸப் மீட்டர் பொருத்தி, யூனிட்டுக்கு ஒரே விகிதத்தில் வசூல் செய்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. மின் வாரியத்தின் கட்டணமோ உபயோகம் ஏற ஏறப் படிப்படியாக உயர்வது. தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் 2016-ஆம் ஆண்டு முதல் இலவசமாகவும் கிடைக்கிறது. சிக்கனமாகச் செலவிடும் ஒரு சிறு குடும்பத்துக்குச் சேர வேண்டிய இந்தச் சலுகை, ஸப் மீட்டரின் வழியாக அதற்குச் சேராமலே போகிறது. வீட்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்பது, படுக்கையறை எத்தனை என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

வீட்டுக்காரர்களின் பக்கத்து நியாயத்தை நான் அறியாதவனல்லன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மேலே ஒரு போர்ஷன் கட்டி, அதன் வாடகையில் மருந்துச் செலவைச் சமாளித்துக்கொண்டிருக்கையில், குடிவந்தவர் ஆறு மாதம் பாக்கி வைத்துக் காலியும் செய்யாமல் கோர்ட்டுக்கு இழுத்தால், அந்த ஆசிரியரின் கதி என்ன? பழைய சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகள் தலைமுறை தாண்டி நீண்டதுண்டு. அந்தப் பயத்தினாலேயே வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு வெளியூர் சென்றவர்களும் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்திய நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தன. ஆனால் இந்தப் பயத்துக்கும் பரிகாரம், பத்து மாத முன்பணமோ வாய்மொழிப் பேச்சோ அன்று. முறையாக எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தமே. பதிவு இருந்தால்தான் பாக்கி வைத்தவர்மேல் வீட்டுக்காரரும் விரைவாகப் பரிகாரம் தேட முடியும். “வாடகை வீடுதானே” என்று குடியிருப்பவர் அலட்சியம் காட்டும்போது வீட்டையும் அலட்சியமாக வைத்திருப்பார் என்று வீட்டுக்காரர் அஞ்சுகிறார். “வாடகைக்கு விடுகிற வீடுதானே” என்று வீட்டுக்காரர் அலட்சியம் காட்டும்போது ஒழுகும் கூரை ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஒரே எண்ணம்தான் இரண்டு வீட்டிலும் குடியிருக்கிறது.

இன்னொரு கூற்றை நான் பொறுமையோடு கேட்க இயலாது. “என் வீடு, யாருக்குக் கொடுப்பது என்பது என் இஷ்டம்” என்கிறார்கள். பெயரைக் கேட்டு மதத்தை அறிந்துகொண்டும், ஊரையும் குலதெய்வத்தையும் கேட்டுச் சாதியை ஊகித்துக்கொண்டும், தனியாக வசிக்கும் பெண் என்றால் கதவைத் திறக்குமுன்பே “வீடு போயிடுச்சு” என்றும், “சைவம் மட்டும்” என்ற பலகையின் மறைவில் வேறொன்றைச் சொல்லியும் திருப்பியனுப்புகிறார்கள். தில்லியையும் அதைச் சூழ்ந்த நகரங்களையும் பற்றி ஆய்வாளர் சுகதேவ் தோரட்டும் அவருடைய சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தலித் பெயரையும் முஸ்லிம் பெயரையும் கேட்டவுடன் வாடகை வீட்டுக் கதவுகள் எவ்வாறு மூடுகின்றன என்பதை ஆதாரத்தோடு காட்டியது. சென்னையின் தெருக்களில் வீடு தேடியவர்களுக்கு அந்த ஆய்வு புதிதாக எதையும் சொல்லியிராது. ஒருவருடைய சம்பளச் சீட்டையும் நன்னடத்தையையும் விசாரிப்பது வீட்டுக்காரரின் உரிமை. அவருடைய பிறப்பை விசாரிப்பது உரிமையாகாது. வாடகைக்கு விடுவது என்று பலகை மாட்டிய மாத்திரத்தில் அவர் ஒரு வியாபாரத்தில் இறங்கிவிட்டார். பலசரக்குக் கடைக்காரர் சாதி கேட்டு அரிசி அளந்தால் நாம் சகிப்போமா? இந்த அநியாயத்தையும், “வாடகை வீடுதானே, அங்கே இல்லாவிட்டால் வேறிடம்” என்று ஆறுதல் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். வேறிடமும் அதே கேள்வியோடு காத்திருக்கையில் அந்த ஆறுதல் யாருக்கு உதவும்?

கடைசியாக ஓர் ஆட்சேபம் எஞ்சி நிற்கிறது; அனுபவஸ்தர்கள் சொல்வதாகையால் அதற்கு உரிய மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். “இவ்வளவு கேள்வி கேட்டால் வீடு தரமாட்டார்கள், பின்னாலேயே ஒரு கேள்வியும் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்க நான்கு பேர் நிற்கிறார்கள்” என்பதே அது. நிற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த நான்கு பேரும் ஏன் கேட்காமல் நிற்கிறார்கள் என்றால், கேட்டால் கிடைக்காது என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டதனால்தான். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் முன் அவசர அவசரமாகத் தேடுகிற குடும்பம் வாய் திறக்க அஞ்சுவது எனக்குப் புரிகிறது. அந்த நெருக்கடி நேராதபடி தை மாசியிலேயே தேடத் தொடங்கி, கோடையின் வறட்சியில் ஒருமுறையும் முடிந்தால் மழையில் ஒருமுறையும் அந்தத் தெருவைப் பார்த்துவைத்திருப்பவருக்கு அஞ்ச வேண்டிய அவசியம் குறைகிறது. மேலும், தண்ணீர் எந்த மாதம் வரை வரும் என்று கேட்ட குற்றத்துக்காக ஒருவரைத் திருப்பியனுப்பும் வீட்டுக்காரர், மே மாதத்தில் மோட்டார் பழுதாகும்போது எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். அவரிடம் இரண்டு லட்சத்தை ஒப்படைக்காமல் திரும்பியது நஷ்டமாகாது. ஒழுங்கான வீட்டுக்காரர் இந்தக் கேள்விகளை வரவேற்கவே செய்கிறார். தம் கிணற்றையும் மீட்டரையும் தாமே அழைத்துச் சென்று காட்டுகிறார், மூன்று மாத முன்பணத்துக்கு இசைந்து ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் உடன் வருகிறார். அத்தகையவர்கள் குரோம்பேட்டையிலும் இருக்கிறார்கள், பெரம்பூரிலும் இருக்கிறார்கள். கேட்காதவர்களுக்கு அவர்கள் யார் என்று தெரிய வழியில்லை.